நாய் குறுக்கே வரவில்லை

செஞ்சி நீதிமன்றத்தில் நான் வக்கீலாக ஆஜரான கட்சிக்காரர் ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. மழிக்காத தாடி, கலங்கிய கண்கள். வலது தோளை அடிக்கடி தடவிக்கொள்வார். மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்குப் போய்த் திரும்பும்போது, அவர் ஓட்டிய பைக் வளைவில் சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறந்துபோனார். அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்ததாக அவர்மேலேயே வழக்கு.

“ஏதாவது திடீர்னு குறுக்கே வந்திருந்தா உங்க மேல தப்பில்ல. நாய், மாடு எதுவும் வந்துச்சா?” என்று கேட்டேன்.

மனைவியின் தம்பியும் கூட வந்திருந்தான்; அவன் முந்திக்கொண்டான். “நாய் வந்துச்சு சார். மாமா, சொல்லு மாமா. அக்காதான் போயிடுச்சு. நீயும் ஜெயிலுக்குப் போனா நான் இன்னா பண்றது?”

அவர் இல்லை என்று தலையசைத்தார். “நாய் எதுவும் வரல சார். அவதான் தோளத் தட்டி, மெதுவா போய்யான்னு சொன்னா. நான் கேக்கல.”

“அத நீங்க கோர்ட்ல சொல்லணும்னு கட்டாயம் இல்ல.”

“அவ கடைசியா பேசுனது அதான் சார். நாய் வந்துச்சுன்னு சொன்னா, அவ அத சொல்லவே இல்லன்னு ஆயிடும்.”

நீதிபதி கேட்டதும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையைக் குறைக்கும்படி மட்டுமே என்னால் கேட்க முடிந்தது. சில மாதச் சிறை கிடைத்தது. போலீஸ்காரர் அழைத்துப் போனபோது மைத்துனன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அவர் குனிந்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஜெயித்திருக்கக்கூடிய வழக்குதான் அது. ஜெயித்திருந்தால் அவரிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.