ஏழு கார்டும் ஒரே பையில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செப்டம்பர் மாதக் காலையில், ரோம் நகரத்து மெட்ரோ ரயிலில் நடந்தது இது. ராயபுரத்திலிருந்து ஏழு பெண்கள் திருத்தலப் பயணமாகப் போயிருந்தோம். மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் போன பயணம். எங்களில் ஒருத்திகூட அதற்கு முன் விமானம் ஏறியது கிடையாது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி நான். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்ட பதவிதான். திருவொற்றியூர் பக்கம், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. லாரி டிரைவர்களை அதட்டி அதட்டியே என் பேச்சே உத்தரவு போடுவதாக ஆகிவிட்டது. வருடா வருடம் ஆகஸ்டில் எங்கள் தெருக்காரர்கள் வேளாங்கண்ணிக்கு நடந்து போவோம். அப்போது எல்லாருடைய பர்ஸும் கார்டும் என் தோள்பையில்தான் இருக்கும். ஒருத்தர் சுமந்தால் மற்றவர்கள் கைவீசி ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடக்கலாம் என்பது எங்கள் வழக்கம். பதினான்கு வருட நடையில் ஒரு ஊக்குகூடத் தொலைந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அதே வழக்கத்தை ரோமுக்கும் கொண்டுபோனேன். கிளம்புவதற்கு முன் எல்லாரையும் அவரவர் பேங்குக்கு இழுத்துக்கொண்டு போய், வெளிநாட்டிலும் கார்டு வேலை செய்யும்படி மாற்றி வாங்கினேன். பிறகு ஏழு கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து இன்னொரு வேலையும் செய்தேன். ஒவ்வொருவரும் தன் பெயரையும் பின் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுத் தரவேண்டும் என்று உத்தரவு போட்டேன். ஏடிஎம்மில் நானே எல்லாருக்கும் பணம் எடுத்துக் கொடுத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே!

ஒரே ஒரு ஆள்தான் மறுத்துப் பேசினார். எங்கள் பக்கத்து டோல்கேட் பகுதியில் மீன் விற்கும் அக்கா அவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். கார்டை வீட்டில் தேடிக்கொண்டே இருந்து, கடைசியில் விமான நிலையத்தில்தான் என் கையில் கொடுத்தார்.

"நம்பர இன்னாத்துக்குமா எழுதணும்? அதான் என் மண்டையிலயே கீதே" என்றார்.

"சொன்னா செய்யுங்கக்கா. ஆளாளுக்கு ஏடிஎம் வாசல்ல முழிச்சிகினு நின்னா பஸ் போயிடும்" என்று ஒரு அதட்டல் போட்டேன். பாவம், எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரோமில் இரண்டாம் நாள் காலை. மெட்ரோவில் நெரிசல் என்றால் நெரிசல். நம் ஊர் மின்சார ரயிலில் ஏறி இறங்கிப் பழகிய எங்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கதவோரம் நன்றாக உடுத்திய இரண்டு பெண்கள் வழி விடாமல் நின்றார்கள். நான் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். படியேறி வெளியே வந்து, ஆளுக்கு ஒரு காபி வாங்கலாம் என்று பையில் கைவிட்டேன். ஜிப் திறந்திருந்தது. கார்டு வைத்திருந்த சின்னப் பை இல்லை.

 ஏழு குடும்பத்துப் பணம். திறக்கிற சாவியையும் சேர்த்துக் கட்டி நானே திருடன் கையில் கொடுத்த மாதிரி!

ஒருத்தி "மாதாவே!" என்று தலையில் கைவைத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அழுகை முட்டியது. ஆனால் அழுதால் அந்த நேரத்தில் எடுத்தவர்கள் ஏடிஎம்முக்குப் போய்விடுவார்கள். அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். வெளிநாட்டில் வேலை செய்யும் இணைப்பு என் ஒரு போனில் மட்டும்தான் இருந்தது. போனிலேயே கார்டை நிறுத்தும் வித்தை எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். யார்டில் எந்தப் பெட்டி வெளியே போனாலும் அதன் கதவு முத்திரையைப் படம் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில், ஊரிலேயே கார்டுகளை மேஜையில் பரப்பி முன்னும் பின்னும் படம் எடுத்திருந்தேன். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பேங்குக்காகக் கூப்பிட்டேன். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று அந்தக் குரல் நிதானமாகச் சொல்லும்போது போனைத் தரையில் அடிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து பேருடைய கார்டுகளை நிறுத்தினேன். என் கார்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். ஊரார் காசைத் தொலைத்தவள் தன் காசை முதலில் காப்பாற்றினால் அந்த முகத்தை யார் பார்ப்பார்கள்?

ஆறாவது, மீன்கார அக்காவின் கார்டு. விமான நிலையத்தில் வாங்கியதால் அதற்குப் படம் இல்லை. கார்டு எண்ணோ கணக்கு எண்ணோ இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, பதிவு செய்த போனிலிருந்தாவது கூப்பிடுங்கள் என்றார்கள். பதிவு செய்திருந்தது அவர் மகனுடைய எண். மகன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய் நாலு நாளாகக் கடலில் இருக்கிறான். மகளோ வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

அந்தக் கணக்கில் இருந்தது, லாரி மோதி இறந்துபோன அவர் கணவருக்காக வந்த நஷ்ட ஈடு. மகள் படிப்பை முடிக்க அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும்தான் எழுதி வாங்கினேன்.

"பாஸ்புக் எங்கக்கா?"

"பீரோல கீது. வூட்டு சாவி எதிர்வூட்டு பாயம்மாகிட்ட. பீரோ சாவி தோ, என் இடுப்புல."

ரோமாபுரி வரைக்கும் பீரோ சாவியைச் செருகிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நிலையிலும் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

பாயம்மாவின் வீட்டுக்காரர் கீழேயே கிரில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் எண் அக்காவுக்கு மனப்பாடம். கூப்பிட்டுக் கொடுத்தேன். ஊரில் அப்போது பகல் இரண்டு மணி இருக்கும், பட்டறை சத்தத்தோடு பாய் பேசினார்.

"பீரோவ ஒடைக்கறதா? இன்னாமா பேஜாரா கீது! நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவான்."

அக்கா ஒரே கத்தாகக் கத்தினார். "பேசினா பேசட்டும் பாயே! மிஷின எடுத்துகினு போயி அறுத்துப் போடு. பீரோ வேற வாங்கிக்கலாம், எம் பொண்ணு படிப்ப எந்தக் கடையில வாங்குவேன்?"

பாய் உடனே கிளம்பினார். தெருவில் இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, பூட்டை அறுத்து, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வண்டியில் பேங்குக்குப் பறந்திருக்கிறார். அவர் கூப்பிடும்போது லைன் பிஸியாக இருந்துவிடக் கூடாதே என்று என் கார்டுக்கும் கூப்பிடாமல் காத்திருந்தேன்; இருபது நிமிஷத்தில் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் பேங்க் கவுன்டர் தெரிந்தது.

கணக்கு வைத்திருப்பவர் நேரில் வரவேண்டும் என்றார் மேனேஜர். "சார், அவங்க ரோம்ல கீறாங்க. நேர்ல வர்றதுக்குள்ள அவன் அல்லாத்தையும் வாரிகினு பூடுவான். மொகத்தப் பாத்து நீங்களே கேளுங்க" என்று போனை அவர் முன்னால் நீட்டினார் பாய்.

மேனேஜர் நல்லவர். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார். பிறந்த தேதி கேட்டார், நாமினி யார் என்று கேட்டார், கணவர் பெயரைக் கேட்டார். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அக்காவுக்குக் குரல் உடைந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் என் கையில் அதிர்ந்தது. திரையின் மேலே ஒரு எஸ்எம்எஸ். என் கணக்கிலிருந்து பணம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த நிமிஷமே இன்னொன்று. மாடியில் ஒரு அறை கட்டச் சேர்த்து வைத்திருந்த பணம். இந்த வீடியோவைத் துண்டித்தால் என் கார்டை உடனே நிறுத்திவிடலாம். ஆனால் மேனேஜர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறார், அக்காவின் கண் திரையை விட்டு நகரவில்லை. துண்டித்தால் திரும்பக் கிடைக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு கை ஆடாமல் போனைப் பிடித்திருந்தேன். இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

"நிறுத்தியாச்சும்மா. பணம் அப்படியே இருக்கு" என்றார் மேனேஜர். அதன் பிறகுதான் என் கார்டை நிறுத்தினேன். போனது போனதுதான். பின் நம்பர் திருடினவனுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு பேங்கில் எழுதிக் கேட்டார்கள். தெரியாது என்று எழுதிவிடு என்று வீட்டில் சொன்னார்கள். 'நான்தான் எழுதி வைத்திருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பணம் திரும்ப வரவில்லை.

மீதி நாட்களைக் கையிலிருந்த ரொக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஓட்டினோம். எல்லாக் கோயிலும் பார்த்தோம், ஒன்றையும் விடவில்லை. ஆனால் அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "திட்டிடுங்கக்கா" என்று ஒரு நாள் கெஞ்சியே விட்டேன்.

"இங்க வாணாம். நா திட்றது இந்த ஊர்ல எவனுக்குப் புரியும்? ஊருக்கு வா, வெச்சிக்கறேன்."

ஊர் திரும்பியதும் பாய்க்கு நன்றி சொல்லப் போனபோது, வீடியோ ஓடும்போதே என் பணம் போனதை, அக்காவிடம் சொல்லாததை, அவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் டோல்கேட்டில் அக்கா கடைக்குப் போனேன். கையிலிருந்த வஞ்சிரத்தைப் பலகையில் போட்டுவிட்டு எழுந்து நின்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

"பெரிய கலெக்டரு இவ! வாணாம் வாணாம்னு சொன்னேனே, காதுல வாங்கினியா? உன் அதிகாரத்த உன் யார்டுல வெச்சிக்க!"

ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். யார்டில் நான் அதட்டும் டிரைவர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். நான் நகரவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, அத்தனை பேர் எதிரில் "என் தப்புதான்க்கா, மன்னிச்சிடுங்க" என்றேன். மூச்சு வாங்க என்னைப் பார்த்தவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் மாடி ரூம் பூட்சாமே, பாயி சொன்னாரு. போனை ஏன் கட் பண்ணலே?" என்று கேட்டார்.  ரோமில் அடக்கிய அழுகை முழுவதும் அந்த மீன் பலகை ஓரத்தில் வந்தது. ஈரக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

மாடியில் இன்னும் அறை எழும்பவில்லை, மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம்; ஆனால் நடுரோட்டில் நின்று அந்த அக்காவிடம் திட்டு வாங்கிய நாளில்தான், நம்பி வருகிறவர்களிடம் அதட்டிப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று உறைத்தது, அது இன்றுவரை உறைத்துக்கொண்டே இருக்கிறது.