பாப்பா புவாவின் கால்

சப்பாத்து மாட்டும்போது யாராவது கண்ணை மூடிக்கொள்வார்களா? பிரெஞ்சு பேசும் வில்லரேப் பகுதியில், ஒரு குழந்தைகள் பகல் காப்பகத்தின் வாசலில் நின்று நான் கேட்ட கேள்வி இது. அங்கே சமைக்கும் ஜெகதீஸ்வரி, இரு கண்களையும் இறுக மூடியபடி, பனிச் சப்பாத்துக்குள் காலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

சென்ற மார்ச் விடுமுறையில் அவர் கணவர் வசீகரனோடு செயின்ட் லூசியாத் தீவுக்குப் போயிருந்தார். காலையில் கடற்கரை மணலில், முட்டையிட்டுத் திரும்பிய பேராமையின் தடம் கிடந்தது. "உழவு மெசின் போன மாதிரியெல்லோ கிடக்கு!" என்று ஜெகதீஸ்வரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, மிதிக்கவில்லை.

பிற்பகலில் காடு. "இது பாப்பா புவாவின் வீடு" என்றார் வழிகாட்டி. "விலங்குகளைக் காக்கும் கிழவர். காலுக்குப் பதில் குளம்பு. கண்டால் வணக்கம் சொல்லுங்கள். காலை மட்டும் பார்க்காதீர்கள்."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். வீடு என்றதும் ஜெகதீஸ்வரி செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்தார்.

"விசரே உமக்கு? கல்லுக் குத்தப் போகுது" என்றார் வசீகரன்.

"ஆரின்ர வீட்டுக்குள்ளயும் செருப்போட போறதே?"

கல் குத்தியது. பின்தங்கினார். மேலே நீலமுகக் கிளியொன்று கத்த, அண்ணாந்து மெய்மறந்து நின்றார். தலையைத் தாழ்த்தியபோது பாதை இரண்டாகப் பிரிந்து கிடந்தது; ஒருவரையும் காணோம். கூப்பிட்ட குரலைக் காடு விழுங்கியது. வெளிச்சம் மங்கியது. அப்போது புதர் விலகியது. கிளிகள் அடங்கின.

தாடியில் சருகு ஒட்டிய முதியவர் ஒருவர். கையில் ஜெகதீஸ்வரியின் செருப்பு.

"போன்ஜூர், வியூ பாப்பா." காப்பகத்தில் ஜெகதீஸ்வரி தினமும் சொல்லும் பிரெஞ்சு வணக்கம்தான்; அதோடு 'கிழ அப்பா' என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதியவர் செருப்பைத் தரையில் வைத்து, ஒரு பாதையைக் கைகாட்டினார். மாட்டக் குனிந்தால் அவர் கால் தெரிந்துவிடும். ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். மாட்டிவிட்டுத் திறந்தபோது இலைகள் மட்டும் அசைந்தன. காட்டிய பாதையில் வசீகரனின் குரல் கேட்டது.

"செருப்பைக் கண்டெடுத்த ஊர்க்காரக் கிழவனப்பா அது. ஒருக்காக் காலைப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்று வசீகரன் இன்றும் சீண்டுகிறார்.

"பாத்திருக்கலாம்தான். வழி காட்டின மனுசனை அப்பிடிப் பாக்கிறதே?"

அன்று தொட்டு, சப்பாத்து மாட்டும்போதெல்லாம் ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொள்கிறார். கதையைக் கேட்டதிலிருந்து காப்பகப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு, சப்பாத்தைக் கால் மாறி மாட்டி விழுகிறார்கள். பெற்றோர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். ஜெகதீஸ்வரி ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்துகிறார்.

நீங்களும் யாருக்காவது இதைச் சொல்லுங்கள். அந்தக் கால் எப்படி இருந்தது என்று கேட்டால், அவரைப் போலக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.