முழங்கால் தண்ணீர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. என் தம்பி டாரில் செத்தது நிஜம். மொன்டானா மலையில், ஹாலரன் ஓடையில், முழங்கால் அளவுத் தண்ணீரில் செத்தான். அப்போது நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

சின்ன ஓடைதான். ஆனால் அதில் இருப்பவை பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட மீன்கள் அல்ல. அங்கேயே பிறந்து வளர்ந்த காட்டு ட்ரவுட் மீன்கள். நம் நிழல் தண்ணீரில் விழுந்தாலே கல்லுக்கடியில் ஒளிந்துகொள்ளும். கொக்கியில் இறகைச் சுற்றிப் பூச்சி போலக் கட்டி, தண்ணீர்மேல் மெல்ல விழவைத்துத்தான் ஏமாற்ற வேண்டும். பிடித்த மீனுக்கு ஒரு முத்தம் கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவோம். அதற்காகவே, மீனை நழுவவிடாமல் பிடிக்கும் சின்ன முள்ளைக் கொக்கியில் நசுக்கி வைத்திருப்போம். கொக்கி வாயிலிருந்து தானாக வழுக்கி வந்துவிடும்.

எங்கள் இருவருக்கும் ஒரே தூண்டில் கோல். ஆளுக்கொரு மீன், பிறகு கோல் கைமாறும். சண்டை வராமலிருக்கச் சின்ன வயதில் போட்டுக்கொண்ட ஏற்பாடு.

அந்த ஆகஸ்ட் மாலை நான் ஒரு மீனைப் பிடித்துத் திரும்ப விட்டேன். கோலை டாரிலிடம் கொடுத்தேன். ஓடையில் இன்னும் மேலே இருக்கும் மேல்மடுவுக்கு ஏறினோம். அங்கே கரை மரத்தின் வேருக்கடியில் ஒரு கிழட்டு மீன் இருந்தது. மூன்று வருடமாக எனக்குத் தண்ணி காட்டிய மீன்.

மடுவில் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். எங்கள் பக்கத்தில், முதலில் இறங்கியவருக்குத்தான் தண்ணீர் சொந்தம். அவராகக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் மறுப்பது மரியாதையில்லை. கரையில் உட்கார்ந்தோம்.

ச்ளக்... ச்ளக்... பூச்சி பிடிக்க மீன்கள் எழும்பின. அவர் கால்களை உரசிக்கொண்டு எழும்பின. இரண்டு காலுக்கும் நடுவில்கூட ஒன்று. நிழலுக்கே ஓடுகிற மீன்கள்...

"அங்க ஆளு நிக்கிறது அதுங்களுக்குத் தெரியலையா?" என்றான் டாரில்.

"கைதேர்ந்த ஆளு போல. பாத்துக் கத்துக்கோடா."

அவர் திரும்பினார். கீழுதட்டில் சின்னதாக ஒரு துளை. என்னைத்தான் பார்த்தார்.

"வாங்க. அடுத்தது உங்க முறை."

அந்தக் கிழட்டு மீனை நினைத்து எனக்கும் ஆசைதான். ஆனாலும், "இல்லீங்க, தம்பி முறை," என்றேன்.

"நீயே போண்ணா," என்றான் டாரில். "மூணு வருஷமா அந்தக் கிழட்டு மீனுக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுற."

"முறைன்னா முறைதான். போடா."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. அப்ப அவருக்கப்புறம் நீங்க," என்றார்.

கரையேறி என்னைக் கடந்து போனார். கால்சட்டையில் ஈரமே இல்லை. தலைமுடியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன.

டாரில் இறங்கினான். வீசினான். தூண்டில் நரம்பு விறைத்தது.

"மாட்டிக்கிச்சுண்ணா!"

மண்டியிட்டான். முகம் தண்ணீரில் படும்படி குனிந்தான். முத்தம் கொடுக்கிறான் என்று நினைத்தேன்.

"பாவம்டா அந்த மீனு. மத்தியானம் பூண்டு ரொட்டி தின்ன வாயி!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

ஓடைச் சத்தம் நின்றுபோயிருந்தது...

"டாரில்... போதும்டா. எழுந்திரு."

எழவில்லை.

ஓடினேன். புரட்டினேன்.

கண் திறந்திருந்தது. கொக்கி அவன் கீழுதட்டில் இருந்தது.

கோல் அவன் கையில் இல்லை. நரம்பு விறைப்பாகக் கரைக்குப் போனது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால்... மரத்தில் கோல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

மயக்கம் போட்டு விழுந்திருப்பான் என்றார் டாக்டர். தானாக வழுக்கி வர வேண்டிய கொக்கி வரவில்லை. உதட்டை அறுத்துத்தான் எடுத்தார்கள். சவப்பெட்டியில் எவ்வளவு பூசியும் அந்தத் துளை மறையவில்லை.

அதன்பிறகு நான் ஓடைப் பக்கம் போகவில்லை. போன ஜூனில், ஊரில் தூண்டில் கடை வைத்திருக்கும் நோரீன் போன் செய்தாள். வெளியூர்க் கணவன் மனைவி இருவர் கடைக்கு வந்தார்களாம். டாரிலைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள். மேல்மடுவில் ஒரு இளைஞன் நின்றானாம். தலை நனைந்திருந்ததாம். உதட்டில் துளையாம். நாங்கள் இறங்கலாமா என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அவன் மரியாதையாகத் தலையாட்டி மறுத்தானாம்.

"மன்னிச்சுக்கங்க. அடுத்தது எங்கண்ணன் முறை. அவன் வர்ற வரைக்கும் வேற யாருக்கும் விடமாட்டேன்."