கம்பி கடித்த ஓரம்

ஆடு மேய்த்த குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு சிறிய ஊரின் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கையில் குறடோடு உள்ளே நுழைந்தார் எட்னா ப்ளூர்.

கண்காட்சிக்குத் தட்டுகளை இரவல் தந்தவர் அவர். எல்லாம் பழங்காலத்துப் பாலாடை நிறப் பீங்கான், ஓரத்தில் இறகு இறகாக வார்த்தவை. சந்தை சந்தையாக அலைந்து சேர்த்தவை. கிடத்தித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியே கொடுத்திருந்தார். அருங்காட்சியகத் தலைவர் நைஜல் கம்பிக் கொக்கி மாட்டிச் சுவரில் தொங்கவிட்டுவிட்டார்.

"கம்பி ஓரத்தைக் கடிக்குதேய்யா, உனக்குக் கண்ணு இல்லையா?"

"தொங்கினாத்தான் பார்வையா இருக்கும் எட்னாம்மா. எல்லார் வீட்லயும் இப்படித்தானே மாட்டுறாங்க."

"உன் காதுல கொக்கி போட்டுத் தொங்கவிடுறேன். அதுவும் பார்வையாத்தான் இருக்கும்."

நாற்காலியில் ஏறிக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். நான் கீழே நின்று தட்டுகளை வாங்கினேன். கடைசித் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு சில்லு என் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"நகத்தளவுதானே, ஒட்டிக்கலாம்" என்றார் நைஜல்.

"ஓரத்துக்காகத்தான்டா இதைச் சேர்த்தேன். நடுவுல என்ன இருக்கு, ஒண்ணுமில்ல."

நைஜல் மன்னிப்புக் கேட்கவில்லை. தட்டுகளைத் துணியில் சுற்றி எட்னாவின் காரில் ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் திறப்பு விழாவில் அந்தச் சுவர் வெறுமையாக நின்றது.

எட்னா இப்போதும் அதே ஊரில்தான் இருக்கிறார். தட்டுகளை யாருக்கும் இரவல் தருவதில்லை.