இரண்டில் ஒன்று

என் வீட்டுக்காரருக்கு வேலை மார்க் போடுவது. பள்ளிக்கூடத்தில் இல்லை, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிற மென்பொருள், வேலைகளை ஞாபகப்படுத்துகிற மென்பொருள், ஃபைல்களைச் சுருக்குகிற மென்பொருள் என்று புதிதாக எது வந்தாலும் இவர் தலையில்தான் கட்டுவார்கள். போட்டுப் பார்த்து, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று எழுத வேண்டும். இதைவிடப் பொருத்தமில்லாத ஆளை அவர்கள் விளக்குப் போட்டுத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. கடையில் இரண்டு நீலச் சட்டையை எடுத்துப் போட்டால் இரண்டையும் தடவிக்கொண்டே நிற்கிற மனுஷர். மூன்றரை போடலாமா, நாலு போடலாமா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முழிப்பார். ஒருமுறை ஞாபகப்படுத்துகிற மென்பொருள் நாலைந்தை ஒரே நேரத்தில் பரிசோதித்தார். எல்லாம் மாற்றி மாற்றி மணியடித்ததில், பல் டாக்டரிடம் போக வேண்டிய நேரத்தில் முடிவெட்டிக்கொண்டு வந்து நின்றார்.

நானும் அக்காவும் இரட்டையர். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், நான் என்று நினைத்து அக்காவிடம் மனசுவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவளும் கடைசிவரை உம் கொட்டிக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் அவகிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லியே இவர் மானத்தை வாங்குவாள். அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் வந்தது, ஒரே மாதிரி இருக்கும் படங்களைக் கண்டுபிடித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் மென்பொருள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் படமே கிடையாது. "அசல் குப்பை நம்ம வீட்டுலதான் இருக்கு" என்று சொல்லி எங்கள் கம்ப்யூட்டரில் போட்டார். அழித்ததையெல்லாம் சுவடில்லாமல் துடைத்துவிடும் இன்னொன்றும் அதிலேயே பரிசோதனையில் இருந்தது. அதை மறந்துபோனார்.

சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது மனுஷர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"கொஞ்சம் படம் போயிடுச்சு."

"எந்தப் படம்?"

"நீயும் உங்க அக்காவும் சின்ன வயசுல தனித்தனியா எடுத்துக்கிட்டது."

அம்மா எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் கவுன் தைத்து, ஒரே சுவரின் முன்னால் ஒருத்தி மாற்றி ஒருத்தியை நிறுத்திப் படம் எடுப்பாள். வருஷா வருஷம் அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்த மென்பொருளுக்கு என்ன தெரியும், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தூக்கிவிட்டது. காகிதப் படங்கள் வீடு மாறும்போதே நனைந்து வீணாகிவிட்டன. முன்பே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தது இவ்வளவுதான்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஊர் உலகத்துக்கெல்லாம் மார்க் போடறீங்களே, உங்களுக்கு யாருங்க மார்க் போடறது?" என்று கேட்டேன். இவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மிச்சம் இருக்கறது நீயா அவங்களான்னு எனக்குப் புரியல" என்றார். "நீயே பாத்துச் சொல்லேன். ஒருவேளை அவங்களே இருந்துட்டா…"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் படத்தில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. நானா, அக்காவா? அக்காவுக்கு முகம் ஒரு துளி நீளம். ஆனால் பக்கத்தில் என்னை வைத்துப் பார்த்தால்தான் அந்தத் துளி தெரியும். இப்போது பக்கத்தில் யாரும் இல்லை. அடுத்த படத்தில் கையைக் கட்டிக்கொண்டு முறைப்பு. நானும் அப்படித்தான் முறைப்பேன், அவளும் அப்படித்தான். இன்னொன்றைப் பார்த்து நான்தான் என்று நினைத்தேன். மறுபடி பார்த்தபோது அவளாகத் தெரிந்தாள். என் முகம் எனக்கே அடையாளம் தெரியாமல் போகுமா? அக்கா இருந்தால் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள் என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

இவர் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஏதாவது தெரியுதா?"

கடைசிப் படம்வரை போய்விட்டு, மறுபடி முதல் படத்துக்கே வந்தேன்.

"எல்லாம் அக்காதான்" என்றேன்.

"எல்லாமேவா? அது எப்படி?"

"அப்படியே வெச்சுக்கலாங்க. நான்தான் இங்க இருக்கேனே."