வெள்ளிக்கிழமைகளில் ஓடிய மாவு மில்

நிகழ்ந்தவை இவை.

சென்ற ஆண்டு ஜனவரி: பெங்களூரு ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியுள்ள மாவு மில், பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை இயங்கக் கூடாது எனக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தேன். பிப்ரவரி: இடைக்காலத் தடை கிடைத்தது. ஜூலை: என் மனைவி காலமானார். ஆகஸ்ட்: மனுவைத் திரும்பப் பெற்றேன். அதற்கு அனுமதித்த நீதிமன்றம், மில் உரிமையாளரின் வழக்குச் செலவை நான் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. செப்டம்பர்: அவ்வுத்தரவை மறுஆய்வு செய்யக் கோரினேன். நவம்பர், ஒரு வியாழக்கிழமை முற்பகல்: விசாரணை.

தொகை பொருட்டன்று, உத்தரவு வந்த வாரமே எடுத்து வைத்துவிட்டேன். அதிலிருந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை: 'போதிய காரணமின்றித் தொடரப்பட்டு, காரணம் கூறாமலே கைவிடப்பட்ட மனு.' காரணம் எங்கள் படுக்கையறையில் மாதக்கணக்கில் படுத்திருந்தது. மதியம் மில் ஓடத் தொடங்கியதும் அவள் கண் திறந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவாள். அதைக் கண்ட மறுவாரமே நான் வழக்கறிஞரைத் தேடிப் போனேன். அப்படியொரு காரணமே இல்லை என்று நீதிமன்றக் கோப்பு சொல்வதை நீக்கிவிட வேண்டும் என்பதொன்றே என் நோக்கம்.

வாக்கியத்தின் பிற்பகுதி உண்மை. மனைவியின் மறைவைத் திரும்பப் பெறும் மனுவில் குறிப்பிடலாமா என்று என் வழக்கறிஞர் ஆகஸ்டிலேயே கேட்டார். அவர் என் மாணவர்களின் வயதுடைய பெண். வேண்டாம் என்றேன். நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் நான். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்று ஆய்வு மாணவர்களை வற்புறுத்தியவன். 'தொடர விரும்பவில்லை' என்பது போதும் என்று அப்போது தோன்றியது.

நீதிபதி நியாயமாகவே கேட்டார். "எனக்குச் சொல்லப்படாத ஒன்றை நான் கவனிக்கவில்லை என்கிறீர்கள். அது என் உத்தரவின் பிழையாகுமா?" என் வழக்கறிஞர் தம்மால் இயன்ற பதிலைச் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, தடை இருந்த காலம் முழுவதும் தம் கட்சிக்காரரின் இயந்திரம் ஒவ்வொரு மதியமும் முடங்கிக் கிடந்ததாக விவரிக்கத் தொடங்கினார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "மஹாஸ்வாமி, ஒரு வார்த்தை." நீதிபதியைக் கன்னட நீதிமன்ற வழக்கப்படி அழைத்து, கன்னடத்தில் பேசியவர் மில் உரிமையாளர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். முன்னாலிருந்து அவருடைய வழக்கறிஞர் கையசைத்து உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"எல்லா மதியமும் இல்ல சாமி. வெள்ளிக்கிழமை ஓட்டினேன். இவர் வீட்டம்மாவே போன் பண்ணி ஓட்டச் சொன்னாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "தடை இருக்கும்போது ஓட்டியதை என்னிடமே வந்து சொல்கிறீர்கள். இதற்குச் சிறைக்கு அனுப்பலாம், தெரியுமா?"

"தெரியும் சாமி. செத்துப்போனவங்க விஷயத்துல எங்க லாயரே பொய்க் கணக்கு சொல்றார். கேட்டுட்டு உக்கார முடியல."

"நமக்காக எதிர்த்தரப்பே வாதாடுறாங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க சார்" என்று என் வழக்கறிஞர் காதோரம் சொன்னார். அந்த ஒன்று எனக்கு எப்போதும் எளிது. மேலும், வெள்ளிக்கிழமைதோறும் நண்பகலில் நான் நூலகத்துக்குக் கிளம்பிவிடுவேன் என்பதைத்தான் அந்நேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தடை மீறப்பட்டது குறித்து எனக்குப் புகார் உண்டா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். உரிமையாளரும் செலவுத் தொகை வேண்டாம் என்றதால், இரு தரப்பின் சம்மதத்துடன் அந்தப் பகுதி ரத்தானது. "அந்த வாக்கியத்தையும் நீக்கக் கேட்டிருக்கிறீர்களே?" என்றார் நீதிபதி. நான் வந்தது அதற்காகத்தான்.

"இருக்கட்டும்" என்றேன்.

என் வழக்கறிஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெளித் தாழ்வாரத்தில் மில் உரிமையாளர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அருகில் வந்தார். என் மனைவி இறந்த அன்று அவர் மில்லை நாள் முழுவதும் மூடியிருந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தடை நான்கு மணி நேரத்துக்கு மட்டுமே இருந்தது.

"கோவமா சார்?"

"இல்லை. ஏன் ஓட்டச் சொன்னா?"

"ராகி டப்பாவோட வர்ற பொம்பளைங்க திரும்பிப் போறது உங்க ஜன்னல்ல தெரியுமே. பாவப்பட்டுச் சொல்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அவங்களே சொன்னாங்க. 'வீடு ரொம்பக் கம்முனு கெடக்குது தம்பி. உன் மெஷின் ஓடினா, யாரோ வீட்டுக்கு வந்து பேசிட்டிருக்கற மாதிரி இருக்குது'ன்னு."

"என்கிட்ட சொல்லலையே."

"நானும் கேட்டேன் சார். 'அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, எனக்கும் கோர்ட்டு அலைச்சல் மிச்சம்'னு. சிரிச்சாங்க." அவர் ஹெல்மெட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "'அவரால என் வியாதிய நிறுத்த முடியல தம்பி. உன் மெஷினையாவது நிறுத்திக்கட்டும், விடு'ன்னாங்க."

அவர் தாழ்வாரத்தின் மறுகோடியைப் பார்த்தார். "எங்க லாயர் வர்றார் சார். கையில சிக்கினா தோலை உரிச்சிடுவார்" என்று சொல்லிவிட்டு, படிகளில் வேகமாக இறங்கிப் போனார்.

மதியத்தில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியது எதற்காக என்று நான் ஒருநாளும் அவளைக் கேட்கவில்லை. நீதிமன்றத்தைக் கேட்டேன். போதிய காரணமின்றித் தொடரப்பட்ட மனு என்ற அந்த வாக்கியம் கோப்பில் இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டைப் பற்றி அதில் உள்ளவற்றுள் அவள் ஒப்புக்கொண்டிருக்கக்கூடியது அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னும் செய்யாதவை:

உத்தரவின் நகலைப் பெறுவது.

வழக்குக்கு முன்பு மில் சத்தத்துக்காக நான் சாத்திய படுக்கையறைக் கண்ணாடி ஜன்னலைத் திறப்பது.

ராகியை அரைக்கக் கொடுப்பது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் இருப்பது.