கல்லைப் பார்க்கப் போகிறவர்

சப்பாத்து நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறார் அழகுமுத்து. பழுதான வேன் அவருடைய கராஜுக்குள், மூக்குக்கு நேரே நிற்கிறது. அவர் அடியில் குனிந்தும் பார்க்கவில்லை, எஞ்சின் மூடியைத் திறக்கவும் இல்லை. சாவியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, வண்டியைக் கொண்டுவந்த பெண்ணிடம், "வாங்க தங்கச்சி, மொதல்ல கல்லப் பாத்துட்டு வந்துருவோம்" என்கிறார்.

பூண்டுலோயாவிலிருந்து தோட்டங்களுக்கு ஏறுகிற வீதியின் முதல் வளைவில் இருக்கிறது அந்தக் கராஜ். நான்கு தூண், மேலே தகரம், பின்னால் தேயிலை. தோட்டத்து ரோட்டில் அடிபட்டு வருகிற எந்த வண்டியானாலும் அதை அடித்த கல்லைத்தான் அழகுமுத்து முதலில் பார்க்க வேண்டும். கராஜில் ரப்பர் செருப்போடு திரிகிறவர், கல்லைப் பார்க்கப் போகும்போது மட்டும் சப்பாத்து மாட்டிக்கொள்வார். "பாம்பு கடிச்சவன் இங்க கெடக்கான், டொக்டர் பாம்பப் பாக்கப் போறாரு" என்று மரக்கறி லொறிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கேட்டால் நாற்பத்தைந்து என்பார். நான் இந்த ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியராக மாற்றலாகி வந்த காலத்திலும் அதையேதான் சொன்னார். மீசைக்கு மை பூசுவார், தலைக்குப் பூச மாட்டார். அதற்குத்தான் தொப்பி இருக்கிறதே என்பது அவர் கணக்கு. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ரோலர்களையும் ஜெனரேட்டரையும் பழுது பார்த்துத் தொழில் பழகியவர், தேத்தண்ணியைத் தொடுவதில்லை. கோப்பிதான், அதுவும் கருப்பட்டி கடித்துக்கொண்டு. "நாளைக்கு முடிச்சுத் தர்றேன்" என்று சொன்னால், எந்த நாளைக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவசரம் என்ற சொல்லைக் கேட்டால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். என்னுடைய மோட்டார் சைக்கிள் அப்படித்தான் ஒருமுறை அவருடைய கராஜில் மழைக்காலம் முழுக்கத் தங்கியிருந்தது.

ஆனாலும் அன்றைக்கு அவர் கல்லைப் பார்க்கக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். வந்த வண்டி பிரியந்தியுடையது என்பதுதான் காரணம்.

பிரியந்தி பல வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து, அந்த உழைப்பில் வாங்கிய வேன் அது. தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறார். போன மழையில் மண் சரிந்து ரோட்டை அடித்துக்கொண்டு போனபிறகு, மேல் டிவிஷனுக்கு பஸ் ஏறுவதில்லை. புல்டோசர் போட்டு வெட்டிய ஒரு தற்காலிகப் பாதைதான் இருக்கிறது. அந்தப் பாதையில் தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கு வந்த ஒரே வண்டி பிரியந்தியின் வேன். அது நின்றபிறகு என் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் பின் வாங்கு இரண்டும் காலி. பிரியந்தியின் மகள் தனுஷிகா மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தாள், காலைக் கூட்டம் முடிந்தபிறகு, சேற்றுக் காலோடு.

"வண்டி போச்சுன்னா திரும்பக் குவைத்துதான் சேர். பாஸ்போட்டப் புதுசாக்கக் குடுத்தாச்சு" என்று பிரியந்தி என்னிடம் சொல்லியிருந்தார். பக்கத்தில் நின்ற தனுஷிகா அதைக் கேட்காதவள் மாதிரி சுவரிலிருந்த இலங்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்குப் பாடம் ஓடவில்லை.

நடந்தது இதுதான். அந்தத் தற்காலிகப் பாதையில் ஒரு கல் வேனின் அடியில் இடித்துவிட்டது. எஞ்சினுக்குக் கீழே ஒயிலைத் தாங்கிக்கொண்டிருக்கும் தகரத் தொட்டிக்கு சம்ப் என்று பெயர். அடி விழுந்தது அதில்தான். அன்றிலிருந்து, ஒயில் அழுத்தம் குறைகிறது என்று காட்டும் சிவப்பு லைட் எரிய ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர் லைட்டுக்குப் போகும் சுவிட்ச்சில்தான் கோளாறு என்று அதை மாற்றினார். லைட் மறுபடியும் எரிந்தது. அடுத்தவர், எஞ்சினே முடிந்துவிட்டது, பாகம் பாகமாக விற்றுவிடுங்கள் என்று கையை விரித்துவிட்டார். இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: லைட் எரிந்தபிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? பிரியந்தி இருவருக்கும் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "அந்த எடத்துலயே நிப்பாட்டிட்டேன்."

அழகுமுத்து அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். ஏன் என்று பிறகு என்னிடம் சொன்னார். "நிக்க வச்சுக் கேட்டா பொய்தாங்க சேர் வரும். பொலிஸ்காரன் கேக்குற மாதிரி இருக்கும்ல. கூட நடந்தோம்னா, பாதி வழியில அதுவா வந்துரும்."

மேட்டில் ஏறும்போது அவர் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் இன்றைக்கு எத்தனை கிலோ என்று விசாரித்தார். தன் மீசையைப் பற்றி யாரோ சொன்ன பாராட்டை எங்களுக்கும் ஒருமுறை சொன்னார். கல் இருந்த இடத்துக்கு வந்ததும்தான் வாயை மூடினார்.

பாதையின் நடுவில் முதுகை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு கிடந்தது கல். மேலே தகரம் உரசிய வெள்ளைக் கோடு ஒன்று மழையிலும் அழியாமல் இருந்தது. அழகுமுத்து குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார். பிறகு அந்த இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கொஞ்ச தூரம், கற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பினார்.

"ஒயில் கறை ஒண்ணுகூட இல்ல. ஓட்ட விழுந்திருந்தா கல்லு குடிச்சிருக்கும், எந்த மழைக்கும் போவாது. சம்ப் உள்ளுக்கு ஒடுங்கித்தான் இருக்கு" என்றார். அதோடு திரும்பியிருக்கலாம். வரம்பில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடலைச் சுருளை எடுத்துப் பிரித்து, பிரியந்தியிடம் நீட்டினார். நாங்கள் மூவரும் கடலை தின்றோம். பள்ளத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றார் பிரியந்தி. "நான் நிப்பாட்டலண்ணே."

அழகுமுத்து இன்னொரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"வேலாயி அக்காவ மலையில கொழவி கொட்டிருச்சு. மொகமெல்லாம் வீங்கி, பின் சீட்டுல மூச்சு விட முடியாம கெடந்தாங்க. அவங்களத்தான் ஏத்திக்கிட்டு எறங்குனேன். இந்தக் கல்லு அடிச்ச ஒடனே லைட் எரிஞ்சது. நான் எப்புடி நிப்பாட்டுறது? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டினேன். அங்க எறக்கிவிட்டுட்டுத்தான் நிப்பாட்டினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புடி ஓட்டியிருந்தா எஞ்சின் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நானே சாகடிச்சேன்னு எப்புடிண்ணே வாயால சொல்றது?"

வேலாயி பிழைத்து, மறுபடி கொழுந்து எடுக்கவும் போய்விட்டார். வேனைப் பற்றித்தான் பிரியந்தி இத்தனை நாளும் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தார்.

அழகுமுத்து அந்தப் பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சா, அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுச்சா?" என்றார்.

பிரியந்தி பாதையைப் பார்த்து யோசித்தார். "அணைஞ்சு அணைஞ்சுதான். மாரியம்மன் கோயில் வளைவு மேடுல, ஆக்ஸிலேட்டர மிதிக்கையில எரிஞ்சது. பாலத்துக்கு எறங்கையில கால எடுத்தேன், அணைஞ்சிருச்சு. கால எடுத்தா அணையுதுன்னு தெரிஞ்சதும், முடிஞ்ச எடத்துல எல்லாம் கால எடுத்து மெதுவா உருட்டிக்கிட்டே போனேன்."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எவ்வளவு தூரம்னுதான் கேட்டாங்க. இத யாரும் கேக்கலயே."

அழகுமுத்து கடலைச் சுருளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். ஏறும்போது ஆடி அசைந்து வந்த மனிதர், இறங்கும்போது நடந்த வேகத்துக்கு நான் ஓடவேண்டியிருந்தது.

வழியில் எனக்கு விளக்கினார். உள்ளே தேய்ந்துபோன எஞ்சின் என்றால் நிதானமாக ஓடும்போதுதான் லைட் எரியும், வேகம் கொடுத்தால் அணையும். இங்கே தலைகீழ். அப்படியானால் ஒயில் இருக்கிறது, பம்பும் நல்லது, உறிஞ்சும் வாய்தான் அடைபட்டிருக்கிறது. மெதுவாகப் போகும்போது தேவைப்படும் கொஞ்சத்துக்குப் போதும், மிதித்தால் போதாது. "ஸ்ட்ரோ நுனிய டம்ளர் அடியில அமுத்தி வச்சு உறிஞ்சிப் பாருங்க, தெரியும்" என்றார். "அந்தத் தங்கச்சி கால எடுத்து எடுத்து ஓட்டியிருக்கு பாருங்க, அதுதான் எஞ்சினுக்கு உசிரு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். உள்ளுக்கு ஜிகினா இருந்தா சங்குதான்."

ஜிகினா என்பது, பேரிங் தேய்ந்து ஒயிலில் கலந்துவிடும் மினுக்குத் தூள். அதைப் பார்க்க அவரிடம் ஒரு பாத்திரம் இருக்கிறது. தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணம், விளிம்பு உடைந்ததால் ஸ்டோரில் ஒதுக்கியது. வேனின் ஒயிலை இறக்கி, கடைசியில் வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்து, வெயிலுக்குக் கொண்டுவந்தார். ஊரில் தேத்தண்ணி குடிக்காத ஒரே ஆள், ஸ்டோரில் ருசி பார்க்கும் டீமேக்கரைப் போலக் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரியந்தி கிண்ணத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறுப்புதான். மினுக்கு இல்ல" என்றார் அழகுமுத்து. காந்தத்தை விட்டு ஒருமுறை கலக்கியும் பார்த்துவிட்டு, கிண்ணத்தைப் பிரியந்தியின் கையில் கொடுத்தார். "நீங்களும் பாருங்க."

சம்பைக் கழற்றியபோது அவர் சொன்னது உள்ளே அப்படியே இருந்தது. தகரம் ஒரு முட்டி அளவுக்கு உள்ளே வீங்கி, ஒயில் உறிஞ்சும் குழாயின் வாய்ச் சல்லடையை மேலே நெருக்கிப் பிடித்திருந்தது. ஒரு விரல்நகம்கூட நுழையாத இடைவெளி. பலகையில் கவிழ்த்துத் தட்டி ஒடுக்கு எடுத்தார், சல்லடையை மண்ணெண்ணெயில் கழுவினார், குழாயை நிமிர்த்தினார். இந்த வேலையையும் அவர் சொன்ன நாளைக்கு ஒரு நாள் பிந்தித்தான் முடித்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைட் சுவிட்ச் இருந்த துளையில் ஒரு கிளைக் குழாய் பொருத்தி, சுவிட்ச்சையும் தன்னுடைய பழைய அழுத்த மீட்டரையும் சேர்த்து மாட்டினார். லைட் ஆமா இல்லை என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று மீட்டர்தான் சொல்லும் என்பது அவர் கட்சி. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. முள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு எழுந்து நேராக நின்றது.

"நாளைக்குப் பிள்ளைகள ஏத்தலாமாண்ணே?" என்று கேட்டார் பிரியந்தி.

"ஏத்தத்துல பாக்காம சொல்ல மாட்டேன். ஏறுங்க."

பிரியந்தி ஓட்டினார். பக்கத்தில் அழகுமுத்து, சீட்டுக்கு அடியிலிருந்து வந்த குழாயோடு மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு. நான் பின் சீட்டில். மேட்டில் ஏற ஏற முள் இடம் மாறவில்லை; அதைத் தலையை நீட்டி நானும் பார்த்தேன். பிரியந்திக்கோ கண் ரோட்டில் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு சிவப்பு லைட் இருக்கும் இடத்துக்கே போய்ப் போய் வந்தது. கால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதும் பயந்து எடுப்பதுமாக இருந்தது. மாரியம்மன் கோயில் மேட்டில் வண்டி திணறி நிற்கப் பார்த்தது.

அழகுமுத்து கையை நீட்டி, ஒயில் படிந்த உள்ளங்கையால் அந்த லைட்டை மூடினார்.

"அத நான் பாத்துக்கிறேன். நீங்க ரோட்டப் பாத்து மிதிங்க."

பிரியந்தி மிதித்தார். வேன் ஏறியது. மேல் டிவிஷன் லயங்கள் தெரியும்வரை அழகுமுத்து கையை எடுக்கவில்லை. மீட்டரை எப்போதோ மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே கொழுந்து மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.